பிறேக் தூசி

ஓடுகின்ற வண்டியைப் பற்றிப் பெருமை பேசுவது மனித இயல்பு. எத்தனை குதிரைச் சக்தி, மணிக்கு எத்தனை மைல், எத்தனை அந்தர் சுமை என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறோம். அந்த வண்டியை நிற்கச் செய்யும் கருவி எத்தகையது, அதைப் பழுது பார்க்கின்ற மனிதன் எந்த நிலையில் வாழ்கிறான் என்று விசாரிப்போர் மிகச் சிலர். பிறேக் வேலை செய்யும் வரை எவருடைய நினைவிலும் இருப்பதில்லை. அது தவறிய கணத்தில்தான் நினைவுக்கு வருகிறது. அதைத் திருத்துகின்ற தொழிலாளியோ அப்பொழுதும் நினைவுக்கு வருவதில்லை. இந்த இரண்டாவது மறதியைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்கின்ற எங்களுக்குப் பழைய இயந்திரம் அதிசயமன்று. பிரிட்டிஷ் கடற்படை 1957 அக்டோபரில் தன் தளத்தை இலங்கையிடம் கையளித்து வெளியேறிற்று. அதன் இரும்பு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் கட்டத் தொடங்கிய எண்ணெய்த் தாங்கிகள் சீனன்குடாக் காட்டில் இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் தாக்கிய வேளையில் எரிந்துபோன தாங்கியின் சிதைவும் அவற்றினிடையே கிடக்கிறது. கடற்படைப் பட்டறையில் கடைசலும் ஒட்டுவேலையும் கற்ற தந்தைமாரின் கைத்திறன், நகரத்துக் கராஜ்களில் பிள்ளைகளிடம் தொடர்ந்தது. அத்தகைய திறனாளியை எங்கள் ஊரில் 'பாஸ்' என்று அழைப்பர். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல் அது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அதே சொல்லாலேயே அவரை அழைக்கின்றனர். மொழியால் பிரிந்த நாட்டில் கைத்தொழில் காத்து வைத்திருக்கும் பொதுச் சொற்களுள் அதுவும் ஒன்று.

என் சித்தப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனர் பிக்கப் உண்டு. 1953இல் வெளிவரத் தொடங்கிய இவ்வகை வண்டி, முதலில் ஐந்து அந்தர் சுமைக்கென்றே செய்யப்பட்டது. சித்தப்பா அதில் கொட்பே மீன்பிடித் துறையிலிருந்து மீன்பெட்டிகளும் ஐஸ் கட்டிகளும் ஏற்றுபவர். பழம்பொருள் மோகத்தால் அவர் அதை வைத்திருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பிப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓட்டை வண்டியின் விலையும் ஏழைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. ஆகவே ஏழையிடம் பழைய வண்டி இருப்பது வேறு வழியின்மையால். செல்வனிடம் இருப்பது அலங்காரத்துக்காக. ஒரே வண்டிதான், வர்க்கம் மாறினால் அதன் பொருளும் மாறிவிடுகிறது.

2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பெற்றோல் பங்கீட்டுக்கு வந்திருந்த நாட்களில், உவர்மலை இறக்கத்தில் அந்த வண்டியின் பிறேக் பெடல் தரை வரை இறங்கிவிட்டது. கியரைக் குறைத்தும் கைப்பிறேக்கை இழுத்தும் சித்தப்பா வண்டியை ஓரங்கட்டினார். கைப்பிறேக் இரும்புக் கம்பியால் பின் சில்லுகளை இழுப்பது. எண்ணெயை நம்பி இருப்பதன்று. அதனாலேயே அன்று ஓர் உயிர்ச்சேதமும் நேரவில்லை.

கராஜுக்கு இழுத்து வந்த வண்டியை பாஸ் உடனே கழற்றத் தொடங்கவில்லை. முதலில் பெடலை மிதித்துப் பார்த்தார். பலமுறை விரைவாக மிதித்துப் பார்த்தார். பின்னர் மிதித்தபடியே காலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். இந்த மூன்று மிதியும் மூன்று கேள்விகள். ஒரே மிதியில் தரைக்குப் போனால் எண்ணெய் எங்கோ வெளியேறியிருக்கிறது, அல்லது சூக்கள் தேய்ந்து ட்ரம்மிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டன. பலமுறை மிதித்ததும் மேலே எழும்பினால் சூக்களை நெருக்கி வைக்க வேண்டும். பஞ்சுபோல் மெத்தென்று இருந்தால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது. மிதித்த காலின் கீழ் மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ ஒரு றப்பர் வாஷர் அழுத்தத்தைத் தாங்கவில்லை. வைத்தியர் நாடி பார்ப்பது போன்றதே இந்தச் சோதனை.

"சேர், ஒயில் போன இடத்தைக் கண்டுபிடிக்கிறது சின்ன வேலை. ஏன் போனதெண்டு கண்டுபிடிக்கிறதுதான் வேலை" என்றார் அவர்.

விஞ்ஞான வகுப்பில் பஸ்காலின் விதியை நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோம். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்பது அவ்விதி. அந்த விதி உயிரோடு உழைப்பதை நான் கண்டது அந்தக் கராஜில்தான். பெடல் ஒரு முசலத்தைத் தள்ளுகிறது. அழுத்தம் மெல்லிய குழாய்களின் வழியே நான்கு சில்லுகளுக்கும் ஒரே கணத்தில் சேர்கிறது. சில்லுச் சிலிண்டர்கள் சூக்களை விரித்துச் சுழலும் ட்ரம்மின் உட்சுவரில் அழுத்துகின்றன. ஓட்டம் உராய்வினால் வெப்பமாகிறது. 1,000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்பதற்குள் ஏறக்குறைய 96,000 ஜூல் சக்தி வெப்பமாக வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீரை 23 பாகை சூடாக்க அது போதும். வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். இவ்வளவையும் தாங்குவது சூவின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய லைனிங் மட்டுமே.

ஆனால் அதே பஸ்கால் விதிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அக்காலத்து வண்டிகளில் நான்கு சில்லுகளுக்கும் எண்ணெய்ச் சுற்று ஒன்றே. ஒரு சில்லில் கசிந்தால் நான்கிலும் அழுத்தம் போய்விடும். இப்பொழுது வரும் வண்டிகளில் சுற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்று தவறினாலும் மற்றது வேலை செய்யும்படி அமைத்திருக்கின்றனர்.

இடது பின் சில்லின் உட்புறத் தகடு நனைந்திருந்தது. ட்ரம்மைக் கழற்றியதும் சில்லுச் சிலிண்டரின் றப்பர் வாஷர் பிய்ந்திருப்பது தெரிந்தது. சுமைத்தட்டுக்குக் கீழே ஓடிய இரும்புக் குழாயைத் துணியால் துடைத்தபோது துருச் செதில்கள் உதிர்ந்தன. ஆண்டுக்கணக்காக மீன்பெட்டியிலிருந்து சொட்டிய உப்பு ஐஸ் நீர் அதை அரித்திருந்தது. குழாயை மாற்றினார்; வாஷரை மாற்றினார்; புதிய எண்ணெய் விட்டார். பெடல் மேலே வந்தது. எனினும் பாஸ் திருப்தியடையவில்லை. மறுபடியும் மிதித்தபடி காலை வைத்திருந்தார். நிமிடம் ஒன்று கழிய, பெடல் மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறங்கியது. எந்தச் சில்லிலும் ஈரமில்லை. எந்தக் குழாயிலும் கசிவில்லை. நெகிழ்குழாய்களை ஒவ்வொன்றாகக் கவ்வி அடைத்துச் சோதித்தும் இறக்கம் நிற்கவில்லை.

"வெளியில போகயில்லை. உள்ளுக்குள்ளேயே போகுது" என்று சொல்லி அவர் ஓட்டுநரின் காலடித் தகட்டைக் கழற்றினார்.

இந்த வண்டியின் பிரதான சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், சட்டத்தின் உட்குழிவுக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் போல்ட்டை வெளியே இழுக்க முடியாதபடி முன் சில்லின் முறுக்குத் தண்டு குறுக்கே நிற்கும். அதைத் தளர்த்திய பின்னரே சிலிண்டர் வெளிவரும். கோவ்லியில் அதை வரைந்த பொறியியலாளர், ஒரு நாள் இதை எவனோ ஒருவன் மண்தரையில் மல்லாந்து கிடந்து கழற்ற வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அரை நாள் வேலைக்குப் பிறகு சிலிண்டர் கைக்கு வந்தது. உட்சுவரில் ஊசி குத்தியது போன்ற துருக்குழிகள் காணப்பட்டன. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. துறைமுகத்து ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்காக மாற்றாமல் விட்ட எண்ணெய் உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். அதன் கொதிநிலையும் சரியும். தகரத்தில் மூன்றாம் தரம் என்று குறித்துள்ள எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 பாகை வரை கொதியாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகைதான். நீண்ட இறக்கத்தில் ட்ரம் சூடேற, எண்ணெய் ஆவியாகிவிட்டால், ஒரு சொட்டும் கசியாமலே பிறேக் இல்லாமற் போகும்.

புதிய சிலிண்டர் கொழும்பிலும் கிடைக்கவில்லை. டொலர் இல்லாத ஆண்டு அது. கடைசற்காரர் ஒருவர் பழைய சிலிண்டரின் துளையை அகலப்படுத்திப் பித்தளைக் குழல் ஒன்றை இறுக்கிப் பொருத்தினார். பின்னர் தூரத்துச் சில்லிலிருந்து தொடங்கிக் குழாய்களில் காற்றெடுத்தனர். ஒருவர் மிதிக்க, மற்றவர் சில்லடியில் படுத்துத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். "மிதி", "பிடி", "விடு" என்ற மூன்று சொற்களின் தாளத்தில் நடக்கும் வேலை அது. ஒருவர் ஒரு கணம் முந்தினாலும் காற்று மறுபடியும் உள்ளே போய்விடும். கூட்டுழைப்பைப் பற்றி நாம் மேடைகளில் பேசுகிறோம். அதன் இலக்கணத்தை அந்த மூன்று சொற்களுக்குள் அவர்கள் வைத்திருக்கின்றனர்.

வண்டியின் கதை இங்கே நிறைவெய்துகிறது. ஆனால் நான் சொல்ல வந்த விடயம் இனிமேல்தான் இருக்கிறது.

ட்ரம்மைக் கழற்றியபோது அதற்குள் சாம்பல் நிறத்தில் மென்மையான தூசி படிந்திருந்தது. பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பொடியன் கொம்பிறசர் குழாயை எடுத்து ஒரே ஊதலில் அதைப் பறக்கவிட்டான். கூரையிடுக்கு வழியே வந்த வெயிற்கீற்றில் அத்தூசி நெடுநேரம் மிதந்தது. பிறகு அவன் புதிய லைனிங்கைச் சூவில் அறைந்து, விளிம்பை அரத்தால் தேய்த்தான். வாயையும் மூக்கையும் மூடியிருக்கவில்லை. லைனிங் வந்த பெட்டி பழைய இருப்பு. அதன் மேல் அளவு இருந்தது, வண்டியின் பெயர் இருந்தது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது மட்டும் இருக்கவில்லை.

பிறேக் லைனிங் என்றால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் கல்நார், அதாவது அஸ்பெஸ்ரோஸ், என்றே பொருள். கூரைச் சீற்றில் இருக்கும் அதே கனிமம்தான். இங்கிலாந்தில் ஹேர்பேட் ஃபுரூட் என்பவர் 1897இல் குதிரை வண்டிகளுக்கான பிறேக் கட்டைகளைச் செய்யத் தொடங்கினார். வண்டிக்காரர்கள் பிறேக் கட்டையில் பழைய சப்பாத்துத் தோலை அறைந்து ஓட்டியதைக் கண்டதே அவருக்குத் தூண்டுதல் என்பர். லூயி ரெனோ 1902இல் ட்ரம் பிறேக்கை உருவாக்கினார். மோட்டார் வண்டியின் வெப்பத்தைத் தோலும் பருத்தியும் தாங்கவில்லை. ஃபுரூட்டின் ஃபெரோடோ நிறுவனம் 1908 அளவில் கல்நாருக்கு மாறியது. 1920களில் அந்நிறுவனம் ரேணர் அன்ட் நியூவல் என்ற பெரும் கல்நார்க் கூட்டுக்குழுமத்தில் சேர்ந்தது.

அதே குழுமத்தைச் சேர்ந்த ரொச்டேல் ஆலையில் கல்நார் நூற்ற நெல்லி கேர்ஷோ என்ற தொழிலாளிப் பெண் 1924 மார்ச்சில், 33 வயதில், நுரையீரல் கல்லாகி இறந்தாள். நிறுவனம் நட்டஈடு கொடுக்க மறுத்துவிட்டது. அவளது நுரையீரலை ஆராய்ந்த வைத்தியர் குக் அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதினார். அரசாங்க அதிகாரிகளான மெரிவெதரும் பிரைசும் 363 கல்நார்த் தொழிலாளரைச் சோதித்தனர். நால்வரில் ஒருவருக்கு மேல் நோய் கண்டிருந்ததென 1930இல் அறிவித்தனர். 1931இல் பிரிட்டனின் கல்நார் ஆலைகளில் தூசியைக் கட்டுப்படுத்தச் சட்ட விதிகள் பிறந்தன.

இந்த ஆண்டை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இலங்கை மக்கள் சர்வசன வாக்குரிமையைப் பயன்படுத்தி முதன்முறையாக வாக்களித்த ஆண்டும் 1931தான். இவ்வளவு முற்பட்ட காலத்திலேயே, தூசி கொல்லும் என்பது ஏகாதிபத்தியத்தின் தலைநகரில் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. அந்த விதிகளோ ஆலைக் கதவோடு நின்றுவிட்டன. அந்த ஆலையின் சரக்கைத் தேய்த்து, ஊதி, தட்டிப் பொருத்துகின்ற கராஜ் தொழிலாளியை அவை அங்கேயே பாதுகாக்கவில்லை. குடியேற்ற நாட்டுத் தொழிலாளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கப்பலில் பொருள் வந்தது; பொருளைப் பற்றிய அறிவு வரவில்லை. அறிவுக்குச் சுங்கவரி இல்லை, இலாபமும் இல்லை.

பின்னர் வந்த அறிவு இன்னும் கொடியது. நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பைத் தென்னாபிரிக்காவின் சுரங்கப் பகுதியிலிருந்து வாக்னரும் அவருடைய தோழர்களும் 1960இல் எடுத்துக்காட்டினர். தூசியைச் சுவாசித்து இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அந்நோய் தலைகாட்டும். வெள்ளைக் கல்நார் உட்பட அதன் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. பிரிட்டன் 1999இல் அதை முற்றாகத் தடை செய்தது. அமெரிக்கா பிறேக் லைனிங் உட்பட வெள்ளைக் கல்நாருக்குத் தடைவிதி வெளியிட்டது 2024 மார்ச்சில்தான்.

இங்கு எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையோடு கேட்க வேண்டும். பிறேக்கின் வெப்பத்தில் கல்நாரின் பெரும்பகுதி வேறு கனிமமாக மாறிவிடுகிறது என்பது உண்மை. கராஜ் தொழிலாளரிடையே புற்றுநோய் எந்த அளவு கூடியுள்ளது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதும் உண்மை. ஆனால் நட்டஈட்டு வழக்குகளைச் சந்தித்த மோட்டார் நிறுவனங்களே அத்தகைய ஆய்வுகள் பலவற்றுக்குப் பணம் கொடுத்தன என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும். அன்றியும், வெப்பம் பட்ட பழைய தூசியைப் பற்றிய வாதம், அரத்தால் தேய்க்கப்படும் புதிய லைனிங்குக்குப் பொருந்தாது. சந்தேகத்தின் பலன் எவருக்குக் கிடைக்க வேண்டும்? பொருளுக்கா, நுரையீரலுக்கா?

நமது நாட்டின் அண்மைக்கால வரலாறு இக்கேள்விக்குக் கசப்பான விடை தருகிறது. 2018 முதல் வெள்ளைக் கல்நார் இறக்குமதியைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த இலங்கை அரசு திட்டமிட்டது. நமக்குக் கல்நார் விற்பதில் முதன்மையான நாடு ரஷ்யா. நமது தேயிலையை வாங்கும் பெரிய நாடுகளுள் ஒன்றும் அதுவே. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா நமது தேயிலையைத் தடை செய்தது. சில நாட்களுக்குள் கல்நார்த் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. தேயிலைத் தடையும் நீங்கியது. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூலியையும், திருகோணமலையில் பிறேக் திருத்தும் பொடியனின் மூச்சையும் ஒரே தராசின் இரு தட்டுகளில் வைத்துப் பேரம் பேசிய கதை அது. தராசைப் பிடித்தவர்கள் அவ்விருவருள் எவரையும் கேட்கவில்லை. சோஷலிசத்தின் பெயரால் ஒரு காலம் நாம் நேசித்த தேசம் எதுவாயினும், தொழிலாளியின் நுரையீரலுக்கு எதிராக அது நிற்கும்போது அதையும் கண்டிப்பதே நம் கடமை.

நான் அன்று அந்தத் தூசியைப் பற்றி பாஸிடம் சொன்னேன். ஊதாமல், சவர்க்காரம் கலந்த நீரால் நனைத்துத் துடைக்கலாமே என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, மறுக்கவுமில்லை.

"நனைச்சா காயும் சேர், அதில பிழை இல்லை. ஆனா வேலை சுணங்கும். ஒரு நாளைக்கு மூண்டு வண்டி பார்த்தாத்தான் பொடியனுக்குச் சம்பளம் குடுக்கலாம். உள்ளுக்கு இருக்கிறது என்னெண்டு இவ்வளவு காலமும் எங்களுக்கு ஆர் சொன்னது?"

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம். பாஸுக்கு அறிவு குறைவில்லை. வெளியே கசியாத பழுதை உள்ளே போய்த் தேடிக் கண்டவர் அவர். பெடல் மெல்ல இறங்குவதைக் காலால் உணர முடியும். நுரையீரல் மெல்ல இறுகுவதை உணர எந்தக் காலும் இல்லை. அதை அறிவிக்க ஆய்வுக்கூடமும் புள்ளிவிவரமும் சட்டமும் வேண்டும். இவை கற்றவர் கையில் இருக்கின்றன. கற்றவர் அதை வகுப்பறைக்குள் பூட்டி வைத்திருக்கின்றனர்.

செய்யக்கூடியது பெரிதன்று. அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு விதிகள் 1994 முதல் பிறேக் வேலையில் தூசியைக் காற்றால் ஊதுவதையும் உலர்ந்தபடி துடைப்பதையும் விலக்கியுள்ளன. சிறிய கராஜ்களுக்கு அவை அனுமதிக்கும் எளிய வழி ஒரு தட்டும் நீரும்தான். ட்ரம்மின் அடியில் தட்டை வைத்து, மெதுவாக நீர் விட்டு, தூசியைச் சேறாக்கித் துணியால் எடுத்து, அந்தத் துணியை ஈரத்தோடே மூடிய பையில் கட்டி அகற்ற வேண்டும். புதிய லைனிங் வாங்கும்போது கல்நார் அற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்த உடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது; தொழிலாளியின் சட்டையில் வந்த தூசியால் மனைவி மக்களும் நோயுற்ற சான்றுகள் உலகில் உண்டு. ஒரு வாளி நீர், ஒரு தட்டு, சிறிது சவர்க்காரம், வண்டியொன்றுக்குக் கால் மணி நேரம்: செலவு இவ்வளவே.

அந்தக் கால் மணி நேரத்துக்கான கூலியை யார் கொடுப்பது என்பதே கேள்வி. வண்டிக்காரர் கொடுக்க வேண்டும். சித்தப்பா கொடுத்தார், மீன் விற்றுக் கிடைத்த காசில் கொடுத்தார். ஆனால் தனிமனிதரின் நல்லெண்ணம் சட்டத்துக்கு ஈடாகாது. பெட்டியின் மேல் உள்ளடக்கத்தை மூன்று மொழிகளிலும் அச்சிடச் சட்டம் வேண்டும். சிறு கராஜ்களில் வேலை செய்வோரையும் மருத்துவச் சோதனைக்குள் கொண்டுவரும் ஏற்பாடு வேண்டும். தொழிற்சங்கம் துறைமுக வாயிலோடு நின்றுவிடாமல், மூவர் வேலை செய்யும் தகரக் கொட்டகைக்கும் வர வேண்டும்.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த தவணையில் பஸ்காலின் விதியைக் கற்பிக்கும் நாளில் மாணவரைப் பக்கத்துக் கராஜுக்கு அழைத்துச் செல்லுங்கள். அழுத்தம் பரவுவதை அவர்கள் பாஸிடமிருந்து கற்கட்டும். போகும்போது ஒரு வாளியும் தட்டும் எடுத்துச் சென்று, தூசியைப் பற்றி நாம் அறிந்ததை அங்குள்ளவர்களுக்குச் சொல்லிவிட்டு வாருங்கள்.